சந்தனம் பூச வந்த கை

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி தின்னாமல் ஒருத்திக்கு ஈறு கரைகிறது என்றால் அதை எங்கே போய்ச் சொல்லி அழுவது? ஊரைச் சுற்றிலும் தக்காளியும் முருங்கையும் கொய்யாவும் காய்த்துக் குலுங்குகின்றன. சந்தைக்குப் பின்தெருவில் மகப்பேறு மருத்துவமனை நடத்தும் டாக்டர் பூங்கோதை, எதிரே உட்கார்ந்திருந்த கர்ப்பிணிப் பெண்ணின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஈறு பஞ்சு மாதிரி வீங்கி ரத்தம் கசிந்தது. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

“கீரை சாப்பிடுறியா?”

“இல்லீங்க டாக்டர்.”

“பழம்?”

“எல்லாம் செவப்பு எரியுதுங்களே. வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு எப்படிங்க சாப்புடறது?”

அந்தப் பெண்ணின் தாலிக்கொடியில், தாலிக்குப் பக்கத்திலேயே, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குமிழ் தொங்கியது. கம்பெனி வைத்த பேர் வாயில் நுழையாததால் ஊர் அதற்கு ‘விளக்கு’ என்று பேர் வைத்திருந்தது. காயின் மேல் வைத்து அழுத்தினால் போதும். பூச்சிமருந்து இருந்தால் சிவப்பு எரியும், இல்லையென்றால் பச்சை எரியும். படிக்காதவர்களுக்கும் புரிந்தது, குழந்தைகளுக்கும் புரிந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

விளக்கு வந்த புதிதில் பூங்கோதையும் கைதட்டியவள்தான். கண்டகண்ட மருந்தைக் கண்டபடி அடிப்பவர்களுக்கு இப்படி ஒன்று வேண்டியதுதான் என்று அவளே ஒன்று வாங்கிவந்து மேசையில் வைத்தாள். ஆனால் விளக்குக்குக் கண் கொஞ்சநஞ்சமல்ல. நூறு கோடியில் ஒரு பங்கு மருந்து இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். பக்கத்துக் காட்டில் அடித்த மருந்து காற்றில் மிதந்துவந்து ஒரு இலையில் ஒட்டியிருந்தாலும் சிவப்பு. ஆக, மண்ணில் விளைந்து அப்படியே வருகிற எல்லாமே சிவப்பு. அரைத்து, சலித்து, சுட்டு, பொரித்து, பாக்கெட்டில் அடைத்தது எல்லாம் பச்சை. பிஸ்கட்டுக்குப் பச்சை. பரோட்டாவுக்குப் பச்சை. பாட்டிலில் அடைத்த சர்க்கரைத் தண்ணீருக்கு ஜோரான பச்சை. முருங்கைக்கீரைக்குச் சிவப்பு! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்து, திட்டவேண்டியதையும் திட்டி அனுப்பியபோதுதான் பூங்கோதையின் போனுக்கு ஒரு பரிசோதனை முடிவு வந்தது. அவள் மகள் நறுமுகையுடையது. ஏழாம் மாதம். சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தச் சர்க்கரை நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

உடனே கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள்.

“என்னடி சாப்பிடுற?”

“நீ சொன்னதெல்லாம்தாம்மா.”

“பொய் சொல்லாத. என்ன சாப்பிடுற?”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக வந்தது உண்மை. வெள்ளைச் சோறு, தயிர், பிஸ்கட், சத்து மாவு. காய் தொட்டு மாதக்கணக்காகிறது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறதாம். பச்சை எரிகிற பழம் என்று கடையில் எப்போதாவது வருமாம், வந்தால் கால்மணி நேரத்தில் தீர்ந்துபோகுமாம்.

பூங்கோதைக்கு ஆத்திரம் பொங்கியது. ஊராருக்கெல்லாம் புத்தி சொல்லி அனுப்புகிற டாக்டர் மகள் பிஸ்கட் தின்று சர்க்கரையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் புருஷன் முகிலன் இந்த விளக்கு செய்கிற கம்பெனியிலேயே பொறியாளன். யாரைத் திட்டுவது? சர்க்கரை இப்படியே ஏறினால் குழந்தை வயிற்றுக்குள் அளவுக்கு மீறி ஊதும், பிரசவம் சிக்கலாகும், பிறந்ததும் மூச்சுக்குத் திணறும். அதையெல்லாம் எத்தனையோ குழந்தைகளிடம் கண்ணால் பார்த்தவள் அவள். கையில் இருப்பது இரண்டு மாதம். அதற்குள் மகளைச் சாப்பிட வைத்தாக வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தாள்.

*

சீர்த்தட்டுக்கான பழங்களை அமராவதிதான் கொண்டுவந்தாள். பூங்கோதையிடம் நான்கு பிரசவமும் பார்த்துக்கொண்டவள். நான்கு பிள்ளைகளும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். வளைகாப்பில் முதல் வளையலைப் பிள்ளைகளைக் குறையில்லாமல் பெற்று வளர்த்தவள் கையால் போடவேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். “அமராவதியக்கா கைதான் வேணும்” என்று நறுமுகையே கேட்டிருந்தாள். சின்ன வயதில் அவள் தோட்டத்துக் கொய்யா மரத்தில் ஏறி விழுந்தவள் ஆயிற்றே.

அந்தத் தோட்டத்தில் இப்போது தக்காளி இல்லை. விளக்கு வந்தபின் வாங்க ஆளில்லாமல் வெள்ளாமையை விட்டுவிட்டு, அமராவதி ஒரு பழக் கம்பெனியின் கொட்டகைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் கொய்யாவும் நெல்லியும் மட்டும் மிச்சம்.

“இதுக்கு ஒரு சொட்டு மருந்து நான் அடிச்சதில்லீங்க டாக்டரம்மா. எரு மட்டுந்தான்” என்றாள் காரில் ஏறும்போது. கொஞ்ச தூரம் போனபின், “கை ஒரே அரிப்புங்க. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல” என்றாள்.

“சோப்பை மாத்து. ஊருக்குத் திரும்பினதும் களிம்பு தரேன்” என்றாள் பூங்கோதை. அவள் மனம் முழுக்க நூற்றுத் தொண்ணூற்றெட்டில் இருந்தது.

கோயம்புத்தூர் அடுக்குமாடி வீட்டு வாசலில் நறுமுகையின் மாமியார் வசுந்தரா பட்டுப்புடவையில் நின்று வரவேற்றாள். பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமம், கற்கண்டு. அவற்றோடு ஒரு வெள்ளித் தட்டில் விளக்கும் இருந்தது. வருகிற பெண்கள் பிரசாதம் வாங்குவதுபோல் உள்ளங்கையை நீட்டினார்கள். வசுந்தரா விளக்கை வைத்து அழுத்தினாள். பச்சை எரிந்ததும் சிரித்துக்கொண்டே சந்தனம் கொடுத்தாள். அந்தப் பெண்களும் பரீட்சையில் தேறியவர்கள்போல் உள்ளே போனார்கள்.

“வாங்க சம்பந்தி! தப்பா எடுத்துக்காதீங்க, இப்ப எல்லா வீட்லயும் இதுதான் வழக்கம். ஏழு மாசப் புள்ளத்தாச்சி பாருங்க” என்று சொல்லிக்கொண்டே சீர்த்தட்டுகளின் மேல் விளக்கைக் கொண்டுபோனாள். கொய்யாவுக்குச் சிவப்பு. நெல்லிக்குச் சிவப்பு. வாழைப்பழத்துக்குச் சிவப்பு. பூங்கோதை வாயைத் திறப்பதற்குள் வேலைக்காரப் பெண் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய்ப் பால்கனியில், செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

தாய்வீட்டுச் சீர் செருப்புக்குப் பக்கத்தில்! பூங்கோதைக்கு முகம் சுட்டது. மகள் நல்லபடியாக உட்கார்ந்து வளையல் போட்டுக்கொள்ளட்டும், அதுவரைக்கும் பொறுப்போம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்து அமராவதி கையை நீட்டினாள்.

விளக்கு வெறுமனே எரியவில்லை. ரத்தச் சிவப்பாக எரிந்ததோடு விட்டுவிட்டுக் கூவவும் செய்தது. கூடத்திலிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வசுந்தரா குரலைத் தணித்தாள். “ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க சம்பந்தி. கையுறை ஒண்ணு தரேன். அதைப் போட்டுக்கிட்டு இவங்க வளையல் போடட்டும். சந்தனம் மட்டும் வேண்டாம். கன்னத்துல படும் பாருங்க.”

அமராவதி தலையைக் குனிந்துகொண்டாள். கொடுத்த கையுறையை வாங்கி மாட்டத் தொடங்கினாள். மண்வெட்டி பிடித்த கைக்கு அது பற்றவில்லை. விரலை உள்ளே திணிக்கத் திணிக்க ரப்பர் சுருண்டது. குனிந்த தலை நிமிராமல் அவள் அதோடு போராடுவதைப் பார்க்கப் பூங்கோதைக்குப் பொறுக்கவில்லை.

“கழட்டுடி அதை!”

பூங்கோதை வசுந்தராவின் பக்கம் திரும்பினாள்.

“ஏன் சம்பந்தி, இந்தக் கையால வாங்கக்கூடாது, அந்தக் கை படக்கூடாதுன்னு காலங்காலமா சொல்லிக்கிட்டுதானே இருந்தோம்? கொஞ்சம் வெக்கப்பட்டு நிறுத்தியிருந்தோம். இப்ப அதைச் சொல்லவும் ஒரு மெஷின் வந்திருச்சா? நீங்க சாப்பிடுற அரிசி யார் கை பட்டு வந்தது? அதுக்கு மட்டும் பச்சையா?”

“நான் சுத்தத்துக்குத்தானே சம்பந்தி சொன்னேன்...”

“எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. மாப்ள! இங்க வாங்க!”

முகிலன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தான். நல்ல பையன்தான். அவனைப் பார்த்து யாரும் கெட்டவன் என்று சொல்லமுடியாது. அதனாலேயே பூங்கோதைக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

“நாளைக்கே உங்க கம்பெனியில சொல்லுங்க. காய்ல எரியட்டும், பழத்துல எரியட்டும், என்னவோ பண்ணித் தொலைங்க. மனுசங்க கையில இது எரியக்கூடாது. ஒரு மனுசியைக் கூட்டத்துல நிறுத்தி அவமானப்படுத்துற சாமான் ஒரு சாமானா?”

“சரிங்க அத்தை. கண்டிப்பா பேசறேன்.”

“பேசினாப் பத்தாது. செய்யணும்.”

“செய்யறேன் அத்தை.”

அந்தச் சூட்டோடு பால்கனிக்குப் போய் ஒரு கொய்யாவைக் கழுவி எடுத்துவந்து மகள் முன்னால் உட்கார்ந்தாள். நறுமுகை மாலையும் கழுத்துமாக மிரண்டுபோய் இருந்தாள்.

“மாப்ள, இதுல எவ்வளவு மருந்து இருக்கு?”

“சிவப்புன்னா இருக்குன்னு அர்த்தம் அத்தை.”

“இருக்குங்கறது தெரியுது. எவ்வளவு?”

முகிலன் தயங்கினான். “அளவு உள்ள இருக்கும். வெளிய காட்டாது.”

“ஏன் காட்டாது?”

“முதல்ல எண் காட்டற மாதிரிதான் செஞ்சோம். நூறு வரைக்கும் பயமில்லைன்னு வெச்சுக்கிட்டு, ரெண்டு, அஞ்சுன்னு காட்டுச்சு. வாங்கினவங்க, ரெண்டா, ஏன் சைபர் இல்லைன்னு சண்டைக்கு வந்தாங்க. கலர்னா யாரும் கேள்வி கேக்கல. நல்லா வித்துச்சு. அப்படியே விட்டுட்டாங்க.”

“இப்ப பார்க்க முடியுமா முடியாதா?”

அவன் விளக்கைத் தன் போனோடு இணைத்தான். கம்பெனி ஆட்களுக்கு மட்டும் திறக்கிற ஒரு பக்கத்தைத் திறந்து கொய்யாவில் வைத்து அழுத்தினான். திரையில் எண் வந்தது. இரண்டு.

“நூறுக்கு ரெண்டு” என்றாள் பூங்கோதை மகளிடம். “அந்த நூறும் எப்படி வெச்சதுன்னு தெரியுமா? தெனமும் வாழ்நாள் பூரா தின்னாலும் ஒண்ணும் ஆகாதுங்கற அளவைக் கண்டுபிடிச்சு, அதுக்கும் கீழ வெச்ச கோடு. அதுல இது ரெண்டுல நிக்குது.”

“ரெண்டுன்னாலும் இருக்குதானேம்மா? பாப்பாவுக்குப் போகும்தானே?” நறுமுகை வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள்.

“துளி போகலாம். போகவே போகாதுன்னு உங்கிட்ட நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா பாப்பாவுக்கு வேற என்ன போகுதுன்னு பார்த்தியா? நூத்துத் தொண்ணூத்தெட்டு போகுது. இதுக்கு எந்த விளக்காவது செவப்பா எரிஞ்சுதா? உன் ஈறுல ரத்தம் வருதே, அதுக்கு எரிஞ்சுதா? பழம் தின்னா வர்ற கெடுதலைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். தின்னாம வந்த கெடுதல் உன் வாயிலயே தெரியுது. நாலு தரம் கழுவு, தோலைச் சீவு, மாத்தி மாத்தித் தின்னு. பயம் இருக்கட்டும், தப்பில்ல. ஆனா அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்டி.”

நறுமுகை புருஷனைப் பார்த்தாள். அவன் திரையிலிருந்த இரண்டைப் பார்த்துக்கொண்டு தலையசைத்தான். அவள் கொய்யாவை வாங்கிக் கடித்தாள். விதையை மெல்லும்போது கண்ணீர் வழிந்தது. முழுப் பழத்தையும் தின்றாள். அமராவதி வெறுங்கையால் முதல் வளையலைப் போட்டாள், கன்னத்தில் சந்தனமும் பூசினாள்.

திரும்பும் வழியில் பூங்கோதைக்கு வெகுநாளுக்குப் பிறகு பசித்தது. பல்லடத்தில் காரை நிறுத்தி அமராவதிக்கும் சேர்த்து இட்லி வாங்கினாள். ஒரு சண்டையைப் போட்டு முழுசாக ஜெயித்த திருப்தி அவளுக்கு. களிம்பு மறந்துபோயிற்று.

*

நறுமுகையின் சர்க்கரை இறங்கியது. சுகப்பிரசவத்தில் பெண்குழந்தை, மூன்று கிலோ, கணீரென்று அழுதது. மாமியார்கூட மாறிவிட்டாள். பச்சை எரிகிற பழம் இப்போது கடைகளில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. வசுந்தரா மருமகளுக்குத் தினமும் வாங்கிவந்து நறுக்கிக்கொடுத்தாள். ஒட்டன்சத்திரத்தைச் சுற்றிப் பழக் கொட்டகைகள் நிறைய முளைத்தன. எல்லாவற்றின் வாசலிலும் பெரிய பச்சை விளக்குப் படம் வரைந்திருந்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் அமராவதி மருத்துவமனைக்கு வந்தாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்த டம்ளர் அவள் கையில் நடுங்கித் தண்ணீர் மார்பில் சிந்தியது. பூங்கோதை எழுந்துவந்து அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கைத் தோல் பாளம் பாளமாக உரிந்திருந்தது. நகங்கள் கறுத்திருந்தன. கண்ணிமைகளை விலக்கிப் பார்த்தாள். கண்மணி, பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு ஆவதுபோல், ஊசிமுனையாகச் சுருங்கிக் கிடந்தது.

“கொட்டகையில என்ன வேலைடி பண்ற?”

“பழம் கழுவறதுங்க. தொட்டி நெறைய ஒரு தண்ணி இருக்கும், அது தோல்ல இருக்கற மருந்தையெல்லாம் கழட்டிரும்ங்க. கைய உள்ள விட்டு உருட்டி உருட்டித் தேய்க்கோணும். பச்சை எரியற வரைக்கும் தேய்க்கோணும்.”

“தண்ணியை மாத்துவாங்களா?”

“வாரத்துக்கு ஒருக்கா மாத்துவாங்க.”

“கையுறை?”

“போட்டா பழம் வழுக்குதுன்னு வேண்டாம்ட்டாங்க.”

அத்தனை பழத்தின் தோலிலிருந்தும் கழன்ற மருந்து அந்தத் தொட்டியில் சேர்கிறது. அந்தத் தொட்டிக்குள் இந்தக் கை நாளெல்லாம் ஊறுகிறது.

“எவ்வளவு நாளா?”

“பாப்பா வளைகாப்புக்கு முன்னாடியிருந்தேதானுங்க. மேலுக்கு முடியல, ரெண்டு நாள் வரலைன்னு மேஸ்திரிகிட்டக் கேட்டேன். அவரு வெளக்க எடுத்து எங்கையில வெச்சாரு. பச்சை எரிஞ்சுது. ஒனக்கு ஒண்ணுமில்ல, நடிக்காதன்னு சொல்லிப்புட்டாரு. நீங்க ஒருக்கா வெச்சுப் பாருங்க டாக்டரம்மா. அன்னிக்குச் செவப்பு எரிஞ்சுதுங்களே.”

பூங்கோதை மேசை மேலிருந்த விளக்கை எடுத்து உரிந்த உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். பச்சை. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். பச்சை. தொட்டித் தண்ணீர் தெறித்துக் காய்ந்த அவள் முந்தானையில் வைத்தாள். ரத்தச் சிவப்பாக எரிந்து கூவியது. திரும்பக் கையில் வைத்தாள். பச்சை.

முகிலனுக்குப் போன் போட்டாள்.

“மாப்ள, விளக்கு கையில எரியமாட்டேங்குது.”

“ஆமா அத்தை!” அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். “நீங்க சொன்னதுதான். எல்லா விளக்குக்கும் தானாவே போய்ச் சேர்ற மாதிரி மாத்தி அனுப்பிட்டோம். மனுசத் தோல்னு தெரிஞ்சா பச்சை காட்டிரும். இனிமே யாரையும் அவமானப்படுத்தாது. கம்பெனியில ரொம்பப் பாராட்டினாங்க அத்தை. கொட்டகைக்காரங்ககூட நன்றி சொல்லி எழுதியிருந்தாங்க.”

அந்தப் பாழாய்ப்போன சாமான் வாயைத் திறந்து சொன்ன ஒரே ஒரு உண்மை அமராவதியின் கையில்தான் இருந்தது. அதைத்தான் கூட்டத்தில் நின்று கத்திப் பூங்கோதை அணைக்கச் சொல்லியிருக்கிறாள். அவர்களும் ஓடிப்போய் அணைத்துவிட்டார்கள்.

“அன்னைக்கு அவ கையில எவ்வளவு இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“மாப்ள.”

“தெரியும் அத்தை. கொய்யாவுக்குப் பார்க்கும்போதே திரையில அதுக்கு மேல் வரியில அவங்க கை அளவு இருந்துச்சு. ஒன்பதாயிரத்துச் சொச்சம்.”

“நூறுக்கு ஒன்பதாயிரமா? ஏன்யா சொல்லல?”

“நீங்க கேக்கலையே அத்தை. கொய்யாவுக்கு மட்டும்தான் கேட்டீங்க.”

பூங்கோதை போனை வீசி எறிந்திருப்பாள். எதிரே அமராவதி இருந்ததால் மேசையில் கவிழ்த்து வைத்தாள். யார்மேல் கோபப்படுவது என்று தேடித் தேடிப் பார்த்தாள். மேஸ்திரி, கம்பெனி, மாப்பிள்ளை என்று ஒவ்வொருத்தராகப் போய், கடைசியில் எல்லாக் கோபமும் சுற்றிக்கொண்டு அவளிடமே வந்து நின்றது. ரத்தம் எடுக்க ஊசியைப் பிரித்தாள். நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்தினாள்.

அமராவதி முகத்தைச் சுளிக்காமல் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

“மாப்பிள்ளைங்களா போன்ல? நம்ம நறுமுகைப் பாப்பா நல்லா பழம் சாப்புடுதுங்களா?”

“சாப்பிடுறா.”

“பச்சை எரியற பழந்தானுங்களே?”

பூங்கோதை தலையாட்டிவிட்டு, குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

“அப்ப அது நாங்க கழுவறதுதானுங்க” என்றாள் அமராவதி. அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. “பயமில்லாம சாப்புடச் சொல்லுங்க.”